கத்திக்கொண்டே காது கொடுக்கும் பெட்டி

கையில் பிடித்துப் பேசும் வாக்கி டாக்கி இரண்டு, சமதரையில் 10 கிலோமீட்டருக்கு மேல் பேசிக்கொள்வது அபூர்வம். பேட்டரி மட்டும் காரணமல்ல. பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்கள் புழங்கும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். ஆள் உயர ஆன்டெனாவுக்கு அடிவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சமவெளியிலிருந்து 1,000 மீட்டர் உயர்ந்த மலையுச்சியில் வைத்தால் 130 வரை போகும். ரிப்பீட்டர் என்ற பெட்டி மலையேறுவது இதற்காகத்தான். கீழே ஒருவர் பேசுவதை வாங்கி, அதே நொடியில் பலம் கூட்டித் திருப்பி அனுப்பும்.

அந்த ‘அதே நொடி’தான் சிக்கல். பேசுவதும் கேட்பதும் ஒரே ஆன்டெனாவில், 0.6 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளி. அனுப்புவது 25 வாட் என்றால், கேட்க வேண்டிய மெல்லிய குரலைவிட அது சுமார் 30,000 லட்சம் கோடி மடங்கு பெரிது. காதருகே வெடி வெடிக்கும்போது அடுத்த தெருவில் முணுமுணுப்பவரைக் கேட்பது போல. கூடவே டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல் கொஞ்சம், கேட்கும் அலைவரிசையிலேயே வந்து விழும்.

இதைச் சமாளிப்பது டியூப்ளெக்சர். எனக்கு மொத்த அமைப்பிலும் பிடித்தது இதுதான். அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட உயரமான உலோக உருளைகள், பெரும்பாலும் ஆறு. ஒவ்வொன்றின் உள்ளும் அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஒரு தண்டு. ஒவ்வொரு கடத்துக்கும் ஒரு சுருதி இருப்பதுபோல, உருளையும் ஒரே ஓர் அலைவரிசைக்குத்தான் இசையும். மூன்று உருளைகள் கேட்கும் பக்கம் நின்று, அனுப்பும் அலையைத் தடுக்கும்; மற்ற மூன்று டிரான்ஸ்மிட்டர் பக்கம் நின்று அந்த இரைச்சலை வடிகட்டும். 80 டெசிபல் தடுத்தால் பத்து கோடியில் ஒரு பங்குதான் கசியும். தண்டை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் சுருதி விலகும். மதிய வெயிலில் தண்டு நீண்டாலும் அப்படியே. அதனால் நல்ல உருளைகளில் தண்டின் நீளத்தைப் பிடித்து வைப்பது, சூட்டில் அதிகம் விரியாத இன்வார் உலோகம்.

அடுத்தது கேபிள். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. 30 மீட்டர் கோபுரத்துக்கு மெல்லிய ஆர்ஜி-58 போட்டால், 25 வாட்டில் ஆறேழு வாட்தான் மேலே போய்ச் சேரும். கேட்கும் குரலுக்கும் அதே நஷ்டம். ஹீலியாக்ஸ் என்ற அரை அங்குலத் தடித்த கேபிள் போட்டால் 20 வாட்டுக்கு மேல் சேரும்.

அப்புறம் மழை. ஆன்டெனா இணைப்பின் மேல் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கூரைக்கு ஓடு வேய்வதுபோல ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் படிந்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும். அறைக்குள் நுழையும் முன் கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டால், நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்னல் தடுப்பானும் நல்ல எர்த்தும் இல்லாமல் ஆன்டெனாவை இணைக்கவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. சிக்னல் மங்கும் எல்லையில் ஒருவரை நிறுத்திப் பேசச் சொல்லி, ரிசீவரை மட்டும் கேட்க வேண்டும். குரல் லேசான இரைச்சலோடு வரும். இப்போது டிரான்ஸ்மிட்டரைப் போட வேண்டும். குரல் இரைச்சலில் மூழ்கினால் மறுபடி தண்டுகளைத் திருகத் தொடங்க வேண்டியதுதான். போட்டதே தெரியாமல் அவர் பேசிக்கொண்டே போனால், சரி, கதவைப் பூட்டிவிட்டு மலையிறங்கலாம்.