மாலுமி: கப்பலில் ஒருவருக்கு மட்டும் உரிய பெயர்

கப்பலில் வேலை பார்ப்பவர் யாரானாலும் இன்று நமக்கு மாலுமிதான். விபத்துச் செய்தியில் 'மாலுமிகள் மீட்கப்பட்டனர்' என்று வந்தால் அதில் சமையற்காரரும் இயந்திர அறைக்காரரும் அடக்கம். சொல் தமிழுக்கு வந்தபோது அதன் பொருள் இவ்வளவு அகலமில்லை.

அரபு மொழியில் 'முஅல்லிம்' என்றால் கற்பிப்பவர். இந்தியப் பெருங்கடலில் ஓடிய கலங்களில் விண்மீனும் காற்றும் ஆழமும் பார்த்து வழி சொன்னவருக்கும் அதுவே பெயராயிற்று. 1498-இல் வாஸ்கோ ட காமாவை மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்குக் கூட்டிவந்த வழிகாட்டியைப் போர்த்துக்கீசியர் 'மாலெமோ கானா' என்று எழுதினார்கள். அந்த மாலெமோவும் நம் மாலுமியும் ஒன்றே. மலாயில் அது 'மாலிம்'. மலேசியாவில் பள்ளியிலும் அரசாங்க அலுவலகத்திலும் நம் காதில் விழும் 'இல்மு', 'மக்லுமாட்' ஆகியவற்றுக்கும் இதே வேர்தான். அறிவு, அறிதல் என்பது அதன் பொருள். மலாக்காவின் பழைய கடற்சட்டம் கப்பல் தலைவரான நகோடாவைக் கப்பலின் அரசராகவும், சுக்கான் பிடிக்கும் ஜூருமூடியைப் பெண்டஹாராவாகவும், அதாவது முதலமைச்சராகவும், வைத்தது. ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பொறுப்பு இருந்தது.

வழி சொல்பவருக்குத் தமிழில் சொல் இல்லாமலா இருந்தது? மீகாமன் இருக்கிறது. அதைவிடப் பழைய நீகானும் இருக்கிறது. அகநானூற்றின் 255-ஆம் பாட்டில் பெருங்காற்று அலைக்கும் வங்கத்தை, அதாவது கப்பலை, மாடத்தில் எரியும் விளக்கைப் பார்த்துத் திசை அறிந்து செலுத்துபவன் நீகான். கரையின் அடையாளத்தைக் கொண்டு கலத்தின் இடத்தைக் கண்டுகொள்ளும் கலை அது. கோல சிலாங்கூரில், செம்பனைத் தோட்டங்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், மலாவாத்திக் குன்றின் மேல் 1907-இல் கட்டிய ஆல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தான் பக்கத்துக் குடும்பங்கள் குரங்குக்குக் கடலை வாங்கிக்கொண்டு ஏறுகிற குன்றுதான். சங்கப் பாட்டின் 'மாட ஒள்ளெரி' எதுவென்று பிள்ளைகள் கேட்டால் அங்கே கைகாட்டலாம்.

சிறிய பாய்மரப் படகு ஒன்று கோல சிலாங்கூர் ஆற்றுமுகத்திலிருந்து பங்கோர் தீவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். அறுபது கடல்மைலுக்கு மேல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், மணிக்கு ஒரு கடல்மைல் போனால் அது ஒரு நாட். 4 நாட் வேகத்தில் அறுபது கடல்மைலுக்கு 15 மணி நேரம். எதிர் நீரோட்டம் 1 நாட் இழுத்தால் அதுவே 20 மணி. இங்கே ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஆகவே வழி முழுக்க நீர் நம் பக்கம் இருக்காது. எந்த ஆறு மணி நேரம் நமக்கு உதவும் என்று பார்த்துத்தான் கிளம்பும் நேரத்தை வைக்க வேண்டும்.

கிளம்பும் இடத்திலேயே சேறு இருக்கிறது. பக்கத்திலுள்ள கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். இறங்கும் அந்த ஆறு மணி நேரத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்துக்குள் பாதி நீர், அதாவது இரண்டு மீட்டர், போய்விடும். அடிமரம் சேற்றில் தட்டும்போது நீர் ஏறிக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் அதுவே படகைத் தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம்வரை அங்கேயே சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். ஆற்றுமுகத்தைத் தாண்டுவதை ஏறுநீரில் வைப்பது அதனால்தான்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் 'சுமத்ராக் காற்று' இன்னொரு கணக்கு. கறுத்த மேகவரிசையாக வந்து சில நிமிடங்களில் 40 நாட் வேகத்தையும் எட்டும். இரவில் ஓடுவதானால் பாயை முன்கூட்டியே சுருக்கும் நேரத்தையும், சபாக் பெர்ணம் போல ஒதுங்கக்கூடிய ஆற்றுமுகத்தையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். மீன்வலை மிதவைகளும் மிதக்கும் கட்டைகளும் எந்த வரைபடத்திலும் இருப்பதில்லை. அதற்கு ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

இத்தனையையும் கரையிலேயே கணக்கிடுகிறவரின் பெயர்தான் மாலுமி. அந்தச் சொல்லைத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நூற்றாண்டுகளாகத் தமிழில் புழங்கி அது நம்முடையதாகிவிட்டது. ஆனால் பொருள் நீர்த்துப்போன பிறகு, வழி வகுப்பவரைக் குறிக்கத் தனிச் சொல் வேண்டியிருக்கிறது. 'நேவிகேட்டர்' என வரும் இடத்தில் மீகாமன் என்று எழுதுங்கள். மற்றவர்களைப் படகாட்கள் என்றோ கப்பலாட்கள் என்றோ சொல்லலாம். 'பேஸேஜ் பிளான்' என்பதற்குக் கடல்வழித் திட்டம் போதும். இருவர் மட்டும் போகும் சின்னப் படகானாலும், அந்தத் தாளின் தலைப்பில் மீகாமன் யாரென்று ஒரு பெயர் இருக்கட்டும்.