மரபணு மாற்ற பயமும் மளிகைக் கடை பில்லும்

கும்பகோணத்தில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, இப்போதெல்லாம் வாட்ஸ்அப் ஃபார்வர்டில் இருந்துதான் பிறக்கின்றன. "விதையில்லாத பப்பாளி மரபணு மாத்துனதாமே மேடம்?" "பெங்களூர்த் தக்காளி வாங்கலாமா?" "ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்குறாங்களாமே?" சர்க்கரை 260 காட்டும் ரிப்போர்ட் மேசையில் கிடக்கும். அதைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்காது.

இந்தக் கேள்விகளை நான் கேலி செய்வதில்லை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தவர். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் வருடா வருடம் நெல் திருவிழா நடத்தி, மறந்துபோன பாரம்பரிய ரகங்களை விவசாயிகள் கையில் திரும்பக் கொடுத்தவர். அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் "விதை யார் கையில் இருக்கிறது" என்ற கவலை வருவது இயல்பு, நியாயமும்கூட. எனக்கு எரிச்சல் தருவது வேறு. அந்தக் கவலையைக் காசாக்க ஒரு சந்தை கிளம்பியிருக்கிறது. அதில் முதலில் மாட்டுவது கையில் காசு குறைவாக இருப்பவர்கள்தான்.

பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். தையல் வேலை, வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஹீமோகுளோபின் 8.4. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பையிலிருந்து ஒரு பில்லை எடுத்து நீட்டினார். "எல்லாம் நல்லதாத்தான் வாங்குறேன்." பில்லில் 'நான்-ஜிஎம்ஓ' (மரபணு மாற்றாதது என்று அர்த்தம்) சூரியகாந்தி எண்ணெய், ஓட்ஸ், பழுப்புச் சர்க்கரை, 'நான்-ஜிஎம்ஓ' மஞ்சள்தூள், அப்புறம் 'நான்-ஜிஎம்ஓ' கல்லுப்பு. பருப்பு இல்லை, பயறு இல்லை, கடலை இல்லை. உப்பில் மரபணுவே கிடையாதே! வேதாரண்யத்து உப்பளத்தில் காய்ந்தாலும் தூத்துக்குடியில் காய்ந்தாலும் அது கடல்நீர் வற்றிய உப்பு, அவ்வளவுதான். உலகத்தில் எங்கேயும் வியாபாரத்துக்கு விளையாத மரபணு மாற்ற மஞ்சளுக்கும் மரபணு மாற்ற சூரியகாந்திக்கும் பயந்து அவர் கூடுதலாகக் கொடுத்த பணத்தில், அந்த வீட்டுக்கு ஒரு மாதத்துப் பயறும் கொண்டைக்கடலையும் வாங்கியிருக்கலாம்.

சரி, உண்மையில் எது மரபணு மாற்றப் பயிர்? இந்தியாவில் வணிக ரீதியாகப் பயிரிட அனுமதி பெற்றது ஒன்றே ஒன்று: 2002இல் வந்த பிடி பருத்தி. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தார்கள். காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரித்துக்கொள்ளும். இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். அடுத்து வந்த பிடி கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிந்துரை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் இருக்கும் கத்தரி, தக்காளி, வெண்டை, கேரட் எதுவும் மரபணு மாற்றியது இல்லை.

ஹைபிரிட் என்பது வேறு விஷயம். இரண்டு ரகங்களை மகரந்தம் சேர்த்துக் கலப்பது. பெங்களூர்த் தக்காளி அப்படி வந்தது. 'ரெட் லேடி' பப்பாளியும் தைவான் கலப்பினம்தான். மரபணு மாற்றப் பப்பாளி ஹவாயிலும் சீனாவிலும் உண்டு, நம் ஊரில் இல்லை. இங்கே பக்கத்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏடிடி ரகங்கள், கோயம்புத்தூரின் கோ 51, நம் சம்பாப் பட்டத்து சிஆர் 1009 எல்லாமே வழக்கமான கலப்பு முறையில் வந்த நெல். ருசி பிடிக்கவில்லை, மருந்து அதிகம் அடிக்கிறார்கள் என்று குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மரபணு மாற்றம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 'கமலா' நெல்லைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள், பிபிடி அரிசியிலிருந்து வந்ததாமே என்று. அது மரபணுத் திருத்தம் என்ற தனி வகை. அன்னிய மரபணு எதுவும் அதற்குள் வைக்கப்படவில்லை. பிபிடியிலிருந்து வந்தது உண்மைதான், ஆனால் காலம் காலமாக நீங்கள் வாங்கும் பிபிடி பொன்னி அப்படித் திருத்தியது இல்லை.

அப்படியானால் மரபணு மாற்றம் நம் அடுக்களைக்குள் வருவதே இல்லையா? வருகிறது. பெரும்பாலும் எண்ணெய் வழியாக.

சோயா எண்ணெயை நாம் அதிகமாக வாங்குவது அர்ஜென்டினாவிடமும் பிரேசிலிடமும். அங்கே விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சில 'சமையல் எண்ணெய்' பாக்கெட்டுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் சோயா என்றோ பருத்திக்கொட்டை என்றோ இருக்கும். கலப்பு எண்ணெய் என்று விற்றால் எந்த எண்ணெய் எவ்வளவு சதவீதம் என்று போட்டாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கனோலா எண்ணெய் என்று விலை உயர்ந்த பாட்டில் ஒன்று உண்டு. கனடாவிலிருந்து வருவது பெரும்பாலும் மரபணு மாற்றியதுதான். வேடிக்கை என்னவென்றால், 'இதயத்துக்கு நல்லது' என்று அதைத் தேடிப்போய் வாங்குகிறவர்களே ரேஷன் பாமாயிலை மரபணு மாற்றம் என்று ஒதுக்குகிறார்கள். மரபணு மாற்றிய எண்ணெய்ப்பனை சந்தையிலேயே இல்லை. பாமாயிலில் எனக்கு இருக்கும் குறை அதன் நிறைவுற்ற கொழுப்பு. ஏறக்குறைய பாதி அதுதான்.

இன்னொன்றைச் சொன்னால் பலருக்கு முகம் மாறும்: பருத்திப்பால். மதுரைப் பக்கத்துப் பானம், நம் ஊர்களிலும் வண்டியில் விற்கிறார்கள். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது புரதமும் மரபணுத் துணுக்கும் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். பருத்திப்பாலில் கொட்டையை அப்படியே அரைத்துப் பிழிகிறோம். திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கோடையில் போடும் பருத்தியும் பெரும்பாலும் பிடி ரகம்தான். மரபணு மாற்ற உணவு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர் கருப்பட்டி போட்ட அந்தப் பருத்திப்பாலைக் குடித்துக்கொண்டே உப்பு டப்பாவில் லேபிள் தேடுவதில் அர்த்தமில்லை. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் கொட்டை கிடைத்தால் குடிக்கலாம்.

மூன்றாவது வழி வெளிநாட்டுப் பொட்டலம். சோள மாவு, சோள சிரப், சோயா லெசித்தின் போட்ட இறக்குமதித் தின்பண்டங்கள், காலைச் சிற்றுண்டிச் சீரியல்கள். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018இல் 65 உணவு மாதிரிகளைச் சோதித்ததில் 21இல் மரபணு மாற்றத் தடயம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இறக்குமதிச் சரக்கு. மரபணு மாற்ற உணவு என்றால் பொட்டலத்தின் முன்பக்கம் மேலே 'ஜிஎம்' என்று அச்சிட வேண்டும் என்ற எடையளவுச் சட்ட விதி 2013 ஜனவரியிலேயே வந்தது. நீங்கள் எங்கேயாவது அதைப் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. ஆகவே லேபிளை நம்பி இருப்பதைவிட அந்த வகைப் பொட்டலத்தையே குறைப்பது சுலபம், காசும் மிச்சம். பொட்டலச் சரக்கில் உறுதி வேண்டும் என்றால் 'ஜைவிக் பாரத்' இயற்கை முத்திரையைப் பாருங்கள். அந்தச் சான்றிதழ் விதிகள் மரபணு மாற்றத்தை அனுமதிப்பதில்லை. ஆப்பிளில் ஒட்டிய எண் 8இல் தொடங்கினால் மரபணு மாற்றம் என்ற ஃபார்வர்டை மட்டும் அழித்துவிடுங்கள். நடைமுறையில் அப்படி ஒரு ஸ்டிக்கர் எந்தக் கடைக்கும் வந்ததில்லை.

சாப்பிட்டால் கெடுதலா என்று நேராகக் கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்வேன். சந்தையில் இருக்கும் மரபணு மாற்ற உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்தவை, உடல்நலத்துக்கு ஆபத்து விளைவிக்க வாய்ப்பில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. விதை உரிமைக்காகவோ நிலத்துக்காகவோ ஒருவர் தவிர்த்தால் அது அவர் கொள்கை, மதிக்கிறேன். ஆனால் என் அறைக்கு வருகிறவர்களைப் படுத்துவது அது இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2019-21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தட்டில் மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கூட்டு. நம் டெல்டாவின் வியாதி பெரும்பாலும் அந்தத் தட்டில்தான் தொடங்குகிறது.

அந்தத் தட்டைச் சரிசெய்ய வேண்டியவை எல்லாம் மலிவு. அதிர்ஷ்டவசமாக அவற்றில் ஒன்றுகூட மரபணு மாற்றியது இல்லை. முதலில் பயறும் உளுந்தும். சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவது நம் பழக்கம். பனியையும் மண்ணின் ஈரத்தையும் குடித்தே வளர்ந்து பங்குனி, சித்திரையில் அறுப்புக்கு வந்துவிடும். அறுப்பு மிஷின் வந்த பிறகு சக்கரம் நசுக்கிவிடுகிறது என்று பல இடங்களில் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். அது தனியாகப் பேச வேண்டிய சோகம். தெளிக்கிற ஊர்களில் களத்திலேயே வாங்கினால் கடை விலையைவிடக் குறைவு. தோல் உரிக்காத முழு உளுந்தாக வாங்கி, இரண்டு வெயில் காயவைத்து, வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டு டின்னில் அடைத்துவிடுங்கள். வீட்டில் ஆளுக்கு மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ பருப்பு, பயறு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பல குடும்பங்கள் அதில் பாதியைத் தொடுவதில்லை.

ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய். அதை விட்டுவிட்டு வராதீர்கள். ரேஷன் அரிசியில் கொஞ்சம் மாறுபட்ட நிறத்தில், தண்ணீரில் மிதக்கும் மணிகள் இருந்தால் அவை பிளாஸ்டிக் இல்லை. அரிசிமாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்த செறிவூட்டிய மணிகள், கிலோவுக்கு சுமார் 10 கிராம். மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாபநாசத்து அம்மா அதைத்தான் வாரக்கணக்கில் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார், ரத்தசோகையை வைத்துக்கொண்டு!

மீல்மேக்கரையும் சோயா என்று பயந்து ஒதுக்க வேண்டாம். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிராவில் விளையும் நம் நாட்டு சோயா மரபணு மாற்றாதது. 100 கிராமில் 50 கிராம் அளவுக்குப் புரதம். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கொத்திப் புட்டு மாதிரி தாளித்தால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வஞ்சிரத்துக்கு ஏங்காமல் நாகப்பட்டினத்து மத்தி, சூடை, நெத்திலி வாங்குங்கள். விலையும் குறைவு, ஒமேகா கொழுப்பும் அதிகம். முட்டையில் கோழித்தீவனச் சந்தேகம் கேட்பார்கள். 2021இல் மரபணு மாற்ற சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது உண்மைதான். ஆனால் தீவனத்தின் மரபணு கோழியின் வயிற்றில் செரித்துவிடும், முட்டையின் மரபணுவை அது மாற்றாது.

கீரைக்கு விலை ஒரு பிரச்சினையே இல்லை. முருங்கை பல வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. சமைத்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடிக்கும் கும்பகோணத்துப் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அதைச் சொன்னால்தான் என்னிடம் நிஜமாகவே சண்டைக்கு வருகிறார்கள்.

எண்ணெயில் செக்குக் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் அளவைக் குறைத்தால் கட்டுப்படியாகும். ஆளுக்கு நாளைக்கு 27 கிராம் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். ஆறு லிட்டர் கலப்பு எண்ணெய் ஊற்றும் வீடு மூன்றரை லிட்டர் கடலெண்ணெய்க்கு மாறினால் செலவு பெரிதாக ஏறாது. ரேஷன் பாமாயில் வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் வாங்குங்கள், அதில் வடை சுடாமல் தாளிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரம்பரிய அரிசி பற்றியும் கேட்பார்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார் எல்லாம் நல்ல அரிசி. தவிடு நீக்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்து உண்டு. முடிந்தால் வாரம் இரண்டு நாள் கஞ்சியாகவோ இட்லி மாவிலோ சேருங்கள். முடியாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். மூன்று கரண்டி பொன்னிச் சோற்றை இரண்டாக்கி அந்த இடத்தில் சுண்டல் வைப்பது, ஐந்து கரண்டி மாப்பிள்ளைச் சம்பா சாப்பிடுவதைவிட உங்கள் சர்க்கரைக்கு நல்லது.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் யூரிக் அமிலம் ஏறியவர்களும் இதைப் படித்துவிட்டுப் பயறையும் மீல்மேக்கரையும் நாளையே கூட்டிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு பருப்பு சாப்பிடலாம் என்று கேட்ட பிறகு மாற்றுங்கள்.