இட்லியில் பிரச்சினை இல்லை, மிக்ஸி ஜாரைப் பாருங்கள்

ஐந்து வயதுப் பையன். வேர்க்கடலை அலர்ஜி என்று டாக்டர் உறுதி செய்திருந்தார். வீட்டில் மற்றவர்களுக்குக் கடலைச் சட்னி, அவனுக்கு மட்டும் தேங்காய்ச் சட்னி. அப்படியும் வாரத்தில் இரண்டு நாள் காலை டிபன் முடிந்ததும் உதடு தடித்துவிடும். சட்னி அரைக்கும் ஜாரைக் கொண்டுவரச் சொன்னேன். பளபளவென்று கழுவிக் கொண்டுவந்தார் அம்மா. பல் குத்தும் குச்சியால் பிளேடுக்கு அடியில் சுரண்டினேன். பழுப்பு நிறத்தில் காய்ந்த விழுது வந்தது. "தினமும் கழுவுறேனே மேடம்" என்றார், குரலே எழவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. அந்த இடத்துக்குள் எந்த நாரும் நுழையாது. பையனுக்கென்று சின்ன ஜார் ஒன்று தனியாக வாங்கினார்கள், சட்னிக் கரண்டியும் தனி. அதற்குப் பிறகு உதடு தடிக்கவில்லை.

அலர்ஜி என்றதும் பெற்றோர் பயந்துபோய் ஓட்ஸ், கார்ன்ஃபிளேக்ஸ் என்று டப்பா உணவைத் தேடுகிறார்கள். தேவையே இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு எதிலும் பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை கிடையாது. உளுந்து, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு, அவர்கள் விஷயம் வேறு. மற்றவர்களுக்கு இட்லியால் ஆபத்து இல்லை. தொட்டுக்கொள்வதையும் மேலே ஊற்றுவதையும்தான் கவனிக்க வேண்டும். இட்லிப் பொடியில் எள் இருக்கும், சில வீடுகளில் வேர்க்கடலையும் இருக்கும். எள் ஆகாத பிள்ளைக்கு நல்லெண்ணெயும் ஆகாது. வேர்க்கடலை ஆகாதவர்களுக்குச் செக்குக் கடலை எண்ணெய் வேண்டாம், அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குப் பாட்டி ஆசையாக நெய் விடுவார். "நெய்யில பால் எங்க இருக்கு?" என்று கேட்பார். கொஞ்சம் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

கோதுமை அலர்ஜியில்தான் அதிகம் ஏமாந்துபோகிறோம். ரவை கோதுமையிலிருந்து வருவது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரவா உப்புமா, ரவா தோசை, கிச்சடி, சேமியா எல்லாமே கோதுமைதான். அதற்குப் பதில் அரிசிக் குருணை உப்புமா, அவல் உப்புமா, அடை, வெண்பொங்கல் செய்யலாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். அப்புறம் மாவு மில். கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைப் போட்டால் அதில் கோதுமை கலக்காமல் இருக்காது. வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதுதான் நல்லது.

பாலை நிறுத்தினால் அந்தச் சத்தை எங்கிருந்து கொடுப்பது? ஆட்டுப்பால், ஏ2 பால் கொடுக்கலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். வேண்டாம். ஆட்டுப்பாலின் புரதம் பசும்பாலின் புரதத்தைப் போன்றதுதான், ஏ2 என்பதும் பசும்பால்தான். தேங்காய்ப்பால் இடியாப்பத்துக்கு ருசி, ஆனால் புரதமும் கால்சியமும் அதில் குறைவு. பாலுக்கு ஈடாகாது. நான் சொல்வது கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120தான். கேழ்வரகில் இருப்பது முழுவதும் உடலில் சேராது என்பதால் முளைகட்டி, காயவைத்து அரைப்பது நல்லது. அந்த மாவில் முருங்கைக்கீரை உருவிப் போட்டு அடை தட்டுங்கள். புரதத்துக்குப் பச்சைப்பயறு தோசை. முட்டை ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு முட்டையும் கொடுக்கலாம். ஹெல்த் டிரிங்க் பவுடர்கள் பலவற்றில் பாலும் கோதுமையும் சேர்ந்தே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகத்தின் பேரில் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போகாதீர்கள். அப்படி ஏழெட்டு உணவை நிறுத்தி, எடை குறைந்து நின்ற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பால் குடித்தால் வயிறு உப்புசம், பேதி மட்டும் என்றால் அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததாலும் இருக்கலாம், அலர்ஜி என்று முடிவுகட்ட வேண்டாம். வேர்க்கடலை ஆகவில்லை என்பதற்காகப் பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கவும் வேண்டாம். எதை நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். பால், முட்டை அலர்ஜி வளர வளரப் பலருக்குப் போய்விடும். அதையும் அவர் மேற்பார்வையில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் சாப்பிடும் பிள்ளைகள் விஷயம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் உண்டு. கோதுமை ஆகாத பிள்ளை என்றால் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், சமைக்கும் அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். எழுதும்போது இதையும் சேருங்கள்: சாப்பிட்டபின் முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, தடிப்போடு வாந்தியும் வந்தாலோ அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பிள்ளையை எழுப்பி நடக்கவிடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அதற்கு அடுத்த வரியில் உங்கள் போன் நம்பர்.