சக்கரம் தரையைத் தொட்ட பிறகு

அந்த செஸ்னா 172 பயிற்சி விமானம் நன்றாகத்தான் இறங்கியது. காற்று வலப்பக்கத்திலிருந்து வீசியது. மாணவர் வலது இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, இடக்கால் மிதியை அழுத்தி மூக்கை ஓடுதளத்துக்கு நேராக்கி, முதலில் வலது சக்கரத்தையும் அடுத்து இடது சக்கரத்தையும் தரையில் வைத்தார். தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நாலைந்து நொடிதான். வலது இறக்கை மெல்ல எழுந்தது, மூக்கு வலப்பக்கம் வெட்டித் திரும்பியது, இடது இறக்கையின் நுனி தார்த்தரையில் உரசியது. விமானம் புல்லில் இறங்கி, மண்ணைக் கிளறிய புரொப்பெல்லர் வளைந்து நின்றது.

மாணவர் தாமே கதவைத் திறந்து இறங்கினார். காயம் எதுவும் இல்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. “சக்கரம் பட்டதும் இறங்கிவிட்டோம் என்று நினைத்துவிட்டேன், சார்” என்றார்.

குறுக்குக் காற்று என்றாலே மாணவர்களின் பயமெல்லாம் தரையை நெருங்கும் கடைசி நிமிடத்தின்மீதுதான். மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி நண்டு நடையாக வருவது, கடைசியில் நேராக்குவது என்று பயிற்சியாளர்களாகிய நாங்களும் அதையே மணிக்கணக்கில் சொல்லித்தருகிறோம். தொட்ட பிறகு வரும் பத்து நொடிகளுக்கு ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நான் பார்த்த இறக்கை உரசல்கள் எல்லாம் அந்தப் பத்து நொடிக்குள் நடந்தவை.

ஓடுதளத்தில் விமானத்தின் வேகம் குறையக் குறைய, இறக்கை ஓரத்தில் உள்ள எய்லரானின் (இறக்கையைத் தூக்கவும் தாழ்த்தவும் உதவும் அசையும் பலகை) பிடியும் தளர்கிறது. காற்று மட்டும் அதே வலுவோடு வீசிக்கொண்டிருக்கிறது. அதனால், தொடும்போது யோக்கை (எய்லரானை இயக்கும் கைச்சக்கரம்) காற்றின் பக்கம் கால்வாசி திருப்பியிருந்தால், ஓடும்போது அரைவாசி, வேகம் தணிந்ததும் முழுவதும் திருப்பிவைக்க வேண்டும். அந்த மாணவரோ தொட்டவுடனே யோக்கை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். நிமிர்ந்து நிற்கும் வால்பகுதியைக் காற்று தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பியது. அந்தக் கணத்தில் வேலை செய்தது பல ஆண்டுகள் கார் ஓட்டிப் பழகிய கை. வண்டி வலப்பக்கம் போகிறதே என்று யோக்கை இடப்பக்கம் வளைத்தார். தரையில் விமானத்தைத் திருப்புவது கால் மிதிதான். இடப்பக்கம் வளைத்த யோக், ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்த வலது இறக்கையை இன்னும் தூக்கிவிட்டது.

அன்று காற்று ஓடுதளத்துக்கு 50 பாகை சாய்வாக, 16 நாட் (மணிக்குச் சுமார் 30 கி.மீ.) வேகத்தில், அவ்வப்போது 24 நாட் வரை எகிறி வீசியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இதைச் சொன்னார்கள். 16-ஐக் கணக்கிட்டால் குறுக்காகத் தள்ளுவது சுமார் 12 நாட். 24-ஐக் கணக்கிட்டால் 18-ஐத் தாண்டுகிறது. குறுக்குக் காற்றுக்கு விமானக் கையேடு சொல்லும் 15 நாட், சோதனை விமானி இறக்கிக் காட்டிய அளவு. அதை விமானத்தின் எல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தனியாகப் பறக்கும் மாணவரின் எல்லை அதற்கும் எவ்வளவோ கீழே இருக்க வேண்டும். காலையில் 7 நாட் இருந்தபோது அனுமதி கொடுத்தவன் நான். ஆடி மாதத்தில் பொழுது ஏறினால் காற்று ஏறும் என்று எனக்குத் தெரியும். காற்றின் திசையையும் வலுவையும் காட்டும் காற்றுப் பை விறைத்து நின்றதைப் பார்த்தும், ரேடியோவில் பேசி அவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை. அது என் தவறு.

அனுபவம் உள்ளவர்களையும் இது விடுவதில்லை. 2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், புயல் காற்றில் இறங்கிய ஏ320 பயணிகள் விமானத்தின் இடது இறக்கை நுனி ஓடுதளத்தில் உரசியது. விமானிகள் உடனே மேலெழுப்பிச் சுற்றிவந்து, காற்றுக்கு இன்னும் நேராக இருந்த வேறொரு ஓடுதளத்தில் இறக்கினார்கள். 137 பேரில் ஒருவருக்கும் காயமில்லை. தொட்ட பிறகும் மேலெழும்பலாம் என்பதை என் மாணவர்களுக்குச் சொல்லும்போது இதைத்தான் முதலில் எடுப்பேன். தரைக்கு மேலேயே மிதியை முழுவதும் அழுத்தியும் மூக்கு நேராகவில்லை என்றால், தொடவே வேண்டாம். என்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளி மேலே போய்விடுங்கள். எரிபொருள் இருக்கும்வரை அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து அதே மாணவரோடு மீண்டும் பறந்தேன். முதல் மூன்று நாள் என்ஜினை இயக்காமல் விமானத்தில் உட்காரவைத்தேன். காற்று எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்வேன், யோக் எந்தப் பக்கம் என்று அவர் கையால் காட்டுவார். நான்காம் நாள் வலப்பக்கக் காற்றில் இறக்கினார். வேகம் தணிந்தபோது யோக் வலது கோடியில் இருந்தது. ஓடுதளத்தை விட்டு வெளியேறும் டாக்சி பாதைக்காக இடப்பக்கம் திரும்பினோம். காற்று இப்போது வலது பின்புறமாக மாறியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவர் யோக்கை இடப்பக்கம் கொண்டுபோய் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இறக்கைக்குக் கயிறு கட்ட ஆள் வரும்வரை விடவில்லை.