கழற்றாமல் கொண்டுவாருங்கள்

போன மாதம் களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு சின்னப் பட்டா லொறி, பழைய கார் திருத்தும் என் கராஜ் வாசலில் வந்து நின்றது. பின்னால் மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரின் வெறும் பொடி, அதாவது உடற்கூடு. கதவுகளும் முன் மட்கார்ட்டுகளும் தனித்தனியே. அவற்றுக்கு மேல் பதினொரு உரப்பைகள். இறக்கும்போதே ஒரு பை அடியில் கிழிந்து நட்டும் போல்ட்டும் மண்ணில் கொட்டுண்டன. கூட வந்த தம்பி சந்தோஷமாகச் சொன்னார்: "அண்ணன், கழட்டுற வேலையெல்லாம் நானே முடிச்சிட்டன். இனிப் பூட்டுறது மட்டுந்தானே. கூலியில பாதியக் குறைச்சுப் போடுங்க."

இந்த வருடம் இப்படி உரப்பையில் வந்த மூன்றாவது கார் இது. முதல் இரண்டுக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டேன். இனி எழுதித்தான் வைக்க வேண்டும்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. கார் அவருடைய அப்பாவுடையது. அவர் ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகள் நாலு பேரையும் அதில்தான் பள்ளிக்கூடம் ஏற்றிப் போயிருக்கிறார். அவர் காலமான பிறகு வளவில் மாமரத்தின் கீழ் நின்றுவிட்டது. அம்மாவை அதே காரில் மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது மகனின் ஆசை. இப்படிப்பட்ட ஆசையோடு வருகிறவர்கள் ஒருவரும் காசை வீணாக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. 2020 இல் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல் திறந்துவிடும் வரை, ஓடுகிற எந்தக் காருக்கும் பொன் விலை இருந்தது. அந்தக் காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் பலர் வளவுக்குள் கிடந்த பழைய கார்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தது நல்லது. ஆனால் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது ஸ்பானரை.

கழற்றுவது சும்மா வேலை, பூட்டுவதுதான் தொழில் என்று நினைக்கிறீர்கள். இருபத்தேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் கராஜில் பூட்டும் வேலையை உதவிக்கு நிற்கும் பொடியனிடம் விடுவேன். கழற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன். ஏனென்றால் ஒரு கார் தன் வருத்தத்தைச் சொல்வது கழற்றும்போதுதான். கதவுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள இடைவெளி மேலே ஒரு விரல், கீழே அரை விரல் என்று இருந்தால் பொடி எந்தப் பக்கம் தொங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கதவைக் கழற்றி உரப்பையோடு சாத்திவைத்தால் அந்தச் சாட்சி போய்விட்டது. எந்த ரயர் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த வயரை இடையில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், எந்தக் குழாயில் எண்ணெய் கசிந்த தடம் கிடக்கிறது என்பதெல்லாம் கார் முழுசாக நிற்கும்போது மட்டும் படிக்கக்கூடிய எழுத்து.

இன்னும் கேளுங்கள். மைனரின் நட்டுகள் அங்குல அளவு. வீட்டில் இருப்பது ஜப்பான் வாகனத்துக்கு வாங்கிய மில்லிமீற்றர் ஸ்பானர். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், 13 ஆம் ஸ்பானர் போட்டால் பிடிப்பது போல இருக்கும். கறள் பிடித்த நட்டில் பலம் கொடுத்தவுடன் மூலை உருண்டுவிடும். பிறகு குறடு, பிறகு உளி, பிறகு கிரைண்டர். மட்கார்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பல, தகட்டோடு ஒட்டிய நட்டுக்குள் இறங்குபவை. அந்த நட்டு கழன்று சுழன்றால் நல்ல தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாங்கள் இரண்டு நாளுக்கு முன்பே எண்ணெய் விட்டு ஊறவைத்து, தேவைப்பட்டால் சூடு காட்டி, மெதுவாகத் திருப்புகிறோம். கழற்றியதும் எந்தத் துளையில் இருந்து வந்ததோ அதே துளையில் இரண்டு சுற்றுத் திருகி விட்டுவிடுவோம். வயருக்குத் தடித்த அட்டைத் துண்டில் இலக்கம் எழுதிக் கட்டுவோம். அறுபது வருடத்துக்குப் பிறகு அந்தத் துணிச் சுற்று வயர்கள் எல்லாமே ஒரே மண் நிறம்.

அந்தப் பதினொரு பையையும் தறப்பாளில் கொட்டிப் பிரிக்க இரண்டு பேருக்கு ஒன்பது நாள் போனது. அதற்கும் கூலி உண்டு. பூட்டுவதில் பாதியைக் குறைக்கச் சொன்னவர், கழற்றாமல் வந்திருந்தால் கொடுக்க வேண்டியிராத காசைக் கொடுத்தார். எனக்கும் வாங்க மனமில்லை, ஆனால் பொடியன்களுக்கு நாள் கூலி கொடுக்க வேண்டுமே.

சரி, செலவை எப்படிக் கணக்கிடுவது?

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். மலிவாக வாங்கிய கார்தான் பெரும்பாலும் அதிகம் விழுங்கும். கணக்கைக் கறளில் இருந்து தொடங்குங்கள். மைனருக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச்சட்டகம், இல்லை; பொடியே சேஸி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, ஜக் வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், முன்னால் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்கள், இவைதான் காரின் எலும்பு. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இந்த இடங்களில் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் ஓட்டையை மூடிப் பூசிய புட்டிப் பசை இருக்கிறது. பிறகு ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீர் என்னும், கெட்டது மரப்பலகை போல மங்கிச் சத்தமிடும். எலும்பு கெட்டிருந்தால் உங்கள் காசில் பெரும் பங்கு வெளியில் தெரியாத இடத்துக்குத்தான் போகும். அதற்குச் சம்மதமில்லை என்றால் அந்தக் காரை வாங்காதீர்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இந்தக் கார் எங்கே நின்றது? ஒருமுறை பெயின்ற் பளபளத்த ஓஸ்டின் ஒன்றின் கீழ்ப் பெட்டியை வெட்டித் திறந்தேன். உள்ளேயிருந்து வெள்ளைக் கடல்மணல் ஒரு சிரட்டை அளவு என் செருப்பில் கொட்டியது. சிப்பித் துண்டும் கிடந்தது. வாங்கியவருக்கு அதுவரை தெரியாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்கு உப்புக்காற்றே போதும். கடல்நீர் குடித்த வண்டி வேண்டவே வேண்டாம்.

எஞ்சின் செலவை அதன் மேல்மூடியான ஹெட்டைத் திறக்காமல் சொல்கிறவரை நம்பாதீர்கள். இதற்கு முன் சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, அதாவது போர் பண்ணியிருந்தால், பிஸ்டன் தலையில் அடித்த இலக்கம் எவ்வளவு என்று காட்டும். இனி வெட்ட இடமில்லை என்றால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாய் போட வேண்டும். அது வேறு கணக்கு. உதிரிப்பாகத்துக்கு மைனர்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள், கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் பழையதும் கிடைக்கும். தொண்ணூறுகளில் எங்கள் நாட்டிலேயே மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதே நிலையில் ஒரு ஹில்மனோ பேஜோ 203 ஓ என்றால், வாங்கும் முன்பே கண்ணாடி, ரப்பர், குரோம் சாமான் எல்லாம் காரில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து எடுப்பதானால் சாமானின் விலையோடு கப்பல் கூலியும் சுங்கத் தீர்வையும் சேரும். 2022 இல் ரூபாய் விழுந்தபோது பாதி வேலையில் நின்ற கார்கள் இன்னும் நிற்கின்றன. ஆகவே கையில் முப்பது இலட்சம் இருந்தால் இருபதுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மிச்சப் பத்து, தகட்டை வெட்டிய பிறகு தெரியவரும் வேலைக்கு.

கூலிக்குக் கொடுப்பதா, தானே செய்வதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது நேரத்தை. என் கராஜில் ஒரு மைனரை முழுசாகச் செய்ய இரண்டு பேர் ஐந்து மாதம் நின்றோம். மாதம் இருபத்தைந்து நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 2000 மணித்தியாலம். நீங்கள் ஞாயிறு தோறும் ஆறு மணித்தியாலம் செய்தால் 333 ஞாயிறு. ஆறு வருடத்துக்கு மேல். இதில் திருவிழா இல்லை, கலியாணம் இல்லை, மழை இல்லை. அந்த ஆறு வருடமும் உரித்த தகடு உப்புக்காற்றில் நிற்கும். இங்கே காலையில் தேய்த்து வெளுப்பாக்கிய தகடு மறுநாள் செம்மஞ்சள். அன்றே பிறைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டும். சாதாரணப் பிறைமர் ஈரத்தை உறிஞ்சும். அதை அடித்துவிட்டு மாரிக்கு வெளியே விடுகிறவர்கள் கறளுக்குப் போர்வை போடுகிறார்கள்.

அதனால் பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் மண்ணும் பழைய தாரும் சுரண்டுவது, சீற் உறை பிரிப்பது, குரோம் சாமான் கழுவி மினுக்குவது, தண்ணீர்த் தாளால் தேய்ப்பது, பஞ்சிகாவத்தைக்குப் போய் அலைவது, எல்லாவற்றையும் படம் எடுத்துக் கொப்பியில் எழுதுவது, இவை உங்களுடையவை. நாள் கணக்கில் கூலி மிஞ்சும், காரும் உங்களுக்குப் பழகும். வெல்டிங், பிரேக், முன் அச்சு, பெயின்ற், இந்த நாலையும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். கதவுத் துளைக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் தரைத் தகட்டை வெட்டினால் பொடி மடங்கும். அதற்குப் பிறகு எந்தக் கதவும் பூட்டாது. மைனரின் முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன் கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து விழும். கல்லடிப் பாலத்தில் உங்கள் பிள்ளைகளோடு போகும்போது அது நடக்கக் கூடாது.

டிங்கர் வேலையை, அதாவது தகட்டு வேலையை, மொத்தக் கொந்தராத்துக்குக் கொடுக்காதீர்கள். என் தொழிற்காரர்கள் கோபித்தாலும் சொல்கிறேன். ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டவர், எதிர்பார்க்காத கறளைக் கண்டால் தன் கையில் இருந்து போட மாட்டார், புட்டியைத்தான் போடுவார். நாள் கூலி என்றால் இழுபடும் என்ற பயமும் நியாயம். படிப்படியாகப் பேசுங்கள்: தரைத் தகடு இவ்வளவு, கீழ்ப் பெட்டி இவ்வளவு. ஒவ்வொன்றும் முடிந்ததும், புட்டியும் பெயின்ற்றும் ஏறும் முன், வந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வெறும் வெல்டிங்கைக் காட்ட மறுக்கிறவரிடம் இருந்து காரை எடுத்துவிடுங்கள். பெயின்ற்றை மார்கழி மழையில் அடிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஈரக் காற்றில் அது வெளிறும். வறண்ட கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் தூசி எழும்பும் முன், விடியலில், தரையை நனைத்துவிட்டு அடிப்பது நல்லது.

வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு: ஜக்கை மட்டும் நம்பி காருக்குக் கீழே போகாதீர்கள், இரும்புத் தாங்கியான ஸ்ராண்ட் வையுங்கள். பெற்றோல் தாங்கி எத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்தாலும் அதில் வெல்டிங் பிடிக்காதீர்கள். பழைய பிரேக் சூவின் தூசியில் கல்நார் இருக்கும்; காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், பிள்ளைகளைத் தூர வையுங்கள். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்த பெயின்ற்றைத் துணி முகமூடியோடு அடிக்கவே வேண்டாம், அது நெஞ்சைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். பற்றறி பூட்டும் முன் பாருங்கள், இந்தக் கார்களில் பல பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு சேரும். இன்றைய வழக்கப்படி பூட்டினால் ஏதாவது எரியக்கூடும்.

கடைசியாகப் புத்தகம். காரில் உள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு சதம் செலவழிக்கும் முன் பாருங்கள். இலக்கம் அடித்த தகட்டைப் பெயின்ற்றுக்காகக் கழற்றினால் அதைப் புத்தகத்தோடு வீட்டு அலுமாரியில் வையுங்கள்.

களுவாஞ்சிக்குடித் தம்பியின் காரில் அந்தத் தகடு இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடான பல்க்ஹெட்டில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும். அவருக்கும் ஞாபகம் இல்லை. எட்டு நாளும் தேடினோம். ஒன்பதாம் நாள் கடைசிப் பையின் அடியில் ஒரு மாஜரின் டப்பா. அதற்குள் விளக்குத் திருகாணிகளோடு ஒட்டிக்கொண்டு கறுத்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் துடைக்க இலக்கம் ஒவ்வொன்றாய் வெளியில் வந்தது. அவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் அவருடைய அம்மா பேசினார்: "தம்பி, புத்தகத்தப் பாத்துக்கொண்டுதான் பேசுறன். அதே நம்பர்தான், மனே."

இந்தக் கிழமை அந்தக் காரின் தரைத் தகட்டை வெட்டத் தொடங்குகிறோம்.