இருட்டும் மாதங்களில் ஒரு மெழுகுவத்தி

செப்டம்பர் 22-ஐ ஒட்டிப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதற்குப் பிறகு அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பகல் தினமும் சுமார் 4 நிமிடம் தேய்கிறது. அக்டோபர் 31-ல் மிஞ்சுவது ஒன்பதரை மணி நேரம், டிசம்பர் 21-ல் ஏழரை. போதாக்குறைக்கு அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள். மாலை ஐந்துக்கே விளக்குப் போட வேண்டும். சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணி நேரம்தான். அதனால் இந்தச் சரிவு உடம்பை என்ன பாடுபடுத்தும் என்பது நமக்கு எளிதில் பிடிபடாது.

அயர்லாந்தின் ‘சாவின்’ (Samhain) என்ற பழைய திருநாள் இந்தச் சரிவின் நடுவில் வருகிறது. அக்டோபர் 31 அந்தி சாய்ந்ததும் தொடங்கும் அது, இறந்தோரை நினைக்கும் இரவும்கூட. (அந்தப் பெயர் தமிழ்க் காதில் விழும் விதம் தற்செயல்தான்.) இன்றைய பேகன் மரபினர் (கிறித்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுவோர்) அன்று தொடங்கிக் குளிர்கால சங்கிராந்தி வரை, அதாவது ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21 வரை, மாலைதோறும் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவத்தி முன் அரை மணி நேரம் உட்காருவதுண்டு. தூக்கத்துக்கு இது வேலை செய்கிறது. ஆனால் பலர் நினைக்கும் காரணத்தால் அல்ல.

விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்லவே சில செல்கள் உண்டு. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை அதிகம் துடிக்கும். அந்தச் செய்தி போனால் மூளை, தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் என்ற ஹார்மோனை நிறுத்திவைக்கும், தூக்கம் தள்ளிப்போகும். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தொலைவில் தருவது சுமார் 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அரை மீட்டரில் 4. அதிலும் நீலம் மிகக் குறைவு. ஆக, சுடர் தரும் வெளிச்சத்தைவிட அணைத்துவைத்த குழல்விளக்குதான் இங்கே மருந்து. சடங்கு முடிந்த கையோடு போனைத் திறந்தால் அந்த அரை மணி நேரம் வீண்.

'இருளை ஏற்றுக்கொள்கிறேன்' என்று பகலிலும் திரையை இழுத்துவிடுவது இதைவிடப் பெரிய பிழை. உயிர்க் கடிகாரத்துக்கு இருட்டு மாலையில் வேண்டும், வெளிச்சம் காலையில் வேண்டும். மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல் கிடைக்கும். வீட்டுக்குள் சில நூறுதான். விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நடந்தால் போதும். பருவகால மனச்சோர்வுக்கு 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி முன் காலையில் 30 நிமிடம் உட்காருவதும் உண்டு. பெட்டியில் குறித்த தூரத்தைவிடத் தள்ளி வைத்தால் அளவு சரசரவென்று இறங்கிவிடும், மாலையில் போட்டால் தூக்கம் கெடும். இருமுனைக் கோளாறோ கண்நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மெழுகுவத்திக்கு வருவோம். தடித்த தூண் மெழுகுவத்தி அழகுதான், ஆனால் தினம் அரை மணி நேரத்துக்கு உதவாது. 7 செ.மீ. விட்டமுள்ளதில் மெழுகு ஓரம் வரை உருகச் சுமார் 3 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ஊதி அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழுந்து, நாலைந்து நாளில் திரி உருகிய மெழுகிலேயே மூழ்கிவிடும். ஒல்லியான மெழுகுவத்தியோ, சுமார் 4 மணி நேரம் எரியும் சிறு தகரக் கிண்ண மெழுகுவத்தியோ வாங்குங்கள். பின்னது எட்டு மாலைக்கு வரும். திரி 6 மி.மீ. இருக்கட்டும். நீண்டால், எரிக்க முடிவதைவிட அதிக மெழுகை உறிஞ்சிக் கரி கக்கும். சுடர் ஆடினாலும் புகைதான், ஆகவே சன்னலோரம் வேண்டாம்.

‘சாவின்’ திருநாள் இரவில் இறந்தவருக்கும் ஒரு தட்டு வைத்து, ஒரு பேச்சும் இல்லாமல் சாப்பிடும் மௌன விருந்தும் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அதன் மனநிலை அந்நியமாகத் தோன்றாது.

சங்கிராந்தி முடிந்ததும் காலை நடையை விட்டுவிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். டப்ளினில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் நடுவில். மிகத் தாமதமாக உதிப்பதோ டிசம்பர் கடைசியில். மாலை நீளத் தொடங்கிய பிறகும் காலை இருட்டிக்கொண்டேதான் போகும். ஜனவரி பாதி வரையாவது நடக்க வேண்டும்.