மூச்சு விடும் உணரிகள்

கழிவுநீரின் அசுத்தத்தை அளக்க வழக்கமாகச் செய்யும் பி.ஓ.டி. (உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை) சோதனைக்கு ஐந்து நாள் பிடிக்கும். மாதிரியைப் பாட்டிலில் நிரப்பி, 20 டிகிரி செல்சியஸில் இருட்டில் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழித்தன என்று பார்ப்பார்கள். முடிவு கைக்கு வருவதற்குள் அந்தக் கழிவு ஆற்றோடு போய்விடும்.

1977-இல் ஜப்பானிய விஞ்ஞானி இசாவோ கருபேவின் குழு, நுண்ணுயிரிகளையே உணரியாக்கியது: ஆக்சிஜன் அளவை மின்னோட்டமாகக் காட்டும் மின்வாயின் நுனியிலேயே அவற்றைச் சவ்வில் பதித்து வைத்தது. சுத்தமான நீரில் அவை நிதானமாகச் சுவாசிக்கும். மிச்ச ஆக்சிஜன் மின்வாயை எட்டி ஒரே சீரான மின்னோட்டத்தைத் தரும். கழிவுநீரை விட்டால் இரை கிடைத்த செல்கள் வேகமாகச் சுவாசிக்கின்றன, மின்வாய்க்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது, மின்னோட்டம் இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து பி.ஓ.டி.யைக் கணக்கிடலாம். ஐந்து நாள் வேலை நிமிடக் கணக்கில் முடிகிறது.

நச்சை அறிய வேறு வழி. அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியா தானாகவே நீலப்பச்சையாக ஒளிரும். அந்த ஒளிக்கான ஆற்றல் அதன் வளர்சிதை மாற்றத்திலிருந்தே வருவதால், செல்லை எந்த நச்சு தாக்கினாலும் ஒளி மங்கும். உறையவைத்து உலர்த்திய பாக்டீரியாவை உயிர்ப்பித்து, மாதிரியில் கலந்து, 15 அல்லது 30 நிமிடம் கழித்து ஒளியை அளப்பார்கள். கடல்வாசி என்பதால் மாதிரியில் சுமார் 2 சதவீதம் உப்பும் சேர்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 11348 தரநிலை இந்தச் சோதனைக்கானதுதான். நச்சு இருக்கிறது என்று இது சொல்லும். எந்த நச்சு என்று சொல்லாது.

குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேட, பாக்டீரியாவின் தற்காப்பு ஏற்பாட்டையே இரவல் வாங்குகிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆர்சனிக் உணரி. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஆர்ஸ்-ஆர் என்ற புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, ஆர்சனிக்கை வெளியேற்றும் மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும். ஆர்சனிக் உள்ளே வந்து அந்தப் புரதத்தோடு பிணைந்ததும் அதன் பிடி தளர்கிறது, பூட்டிய மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அதே இடத்தில் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவைச் சேர்த்துவிட்டால், ஆர்சனிக் வந்தவுடன் செல் ஒளிரும். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவையே உணரக்கூடிய செல்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

விலை உயர்ந்த கருவி இருக்கும்போது இது எதற்கு? மண்ணிலுள்ள உலோகத்தின் மொத்த அளவைக் கருவி துல்லியமாகத் தரும். ஆனால் அதில் பெரும்பகுதி களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு எந்த உயிருக்குள்ளும் புகாமல் கிடக்கலாம். செல்லோ, தனக்குள் நுழைந்த அளவுக்கு மட்டுமே பதில் தரும். ஒரு உயிருக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு இந்த எண்தான் நெருக்கமான பதில் என்பது என் எண்ணம்.

சிக்கல்களும் உண்டு. செல்கள் முதுமையடையும், வெப்பநிலை மாறினால் வேகம் மாறும். இவற்றைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆர்சனிக் உணரி ஒளிராமல் இருந்தால் நீரில் ஆர்சனிக் இல்லை என்றும் கொள்ளலாம், வேறேதோ நச்சில் செல்களே செத்துவிட்டன என்றும் கொள்ளலாம். அதனால் எப்போதும் ஒளிரும்படி மாற்றிய இன்னொரு பாக்டீரியாவையும் அதே மாதிரியில் வைத்துப் பார்ப்பார்கள். அதுவும் அணைந்தால் அந்தச் சோதனை செல்லாது. மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.